வீடு தேடி வந்த வார்த்தை



வாரத்தில் ஒரு மாலை ஒரு வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, பத்துப் பதினைந்து பேர் சுற்றி அமர்ந்து, நடுவில் மெழுகுதிரி ஏற்றி, திருவிவிலியத்தைத் திறந்து வாசிக்கிறோம். வாசித்ததைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை பேசுகிறோம். அன்பியக் கூட்டம் என்றால் இன்று பங்கில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி அவ்வப்போது எழுகிறது. ஞாயிறுதோறும் திருப்பலியில் மூன்று வாசகங்கள் கேட்கிறோம், மறையுரையும் கேட்கிறோம், பிறகு வீட்டில் வேறு எதற்கு? இது பிரிந்த சபையாரைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்ட வழக்கம்தானே? படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலையை, தறியில் உட்கார்ந்து களைத்து வருகிறவர்கள் தலையில் ஏன் சுமத்த வேண்டும்?

கேட்கத்தக்க கேள்விகள்தான். வரலாறு அவற்றுக்கு என்ன பதில் சொல்கிறது என்று இன்று பார்ப்போம்.

முதல் வீடுகள்

திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ஒரு கைவினைத் தொழிலாளர் குடும்பத்தைச் சந்திக்கிறோம். கணவர் பெயர் அக்கிலா, மனைவி பெயர் பிரிஸ்கில்லா. யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று பேரரசர் கிளவுதியு கட்டளையிட்டதால், ஊரை இழந்து கொரிந்து நகருக்கு வந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். பவுலடிகளாருக்கும் அதே தொழில் தெரியும். ஆகவே அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் பேசினார். மற்ற நாள்களில் அவர் கையும் துணியோடும் ஊசியோடும்தான் இருந்திருக்கும்.

பிறகு அந்தக் குடும்பம் எபேசு நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பொல்லோ என்ற ஒருவர் வந்து சேர்ந்தார். அலெக்சாந்திரியாக்காரர், சொல்வன்மை மிக்கவர், மறைநூலைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் யோவானின் திருமுழுக்கு வரைதான் அவருக்குத் தெரியும். அந்தப் பெரிய பேச்சாளரைத் தனியே அழைத்துக்கொண்டு போய், கடவுளின் நெறியை இன்னும் தெளிவாக விளக்கியவர்கள் யார் தெரியுமா? அதே கூடாரத் தொழிலாளர் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும்தான். பவுலடிகளார் தம் திருமுகங்களில் இருமுறை அவர்கள் வீட்டில் கூடும் திருச்சபையைக் குறிப்பிடுகிறார்.

இதே நூலின் 16ஆம் அதிகாரத்தில் லீதியா வருகிறார். செந்நிற ஆடை விற்கும் வணிகர். பிலிப்பி நகரத்து ஆற்றங்கரையில் ஓய்வுநாளில் பெண்கள் கூடி இறைவேண்டல் செய்த இடத்தில் அவர் பவுலின் பேச்சைக் கேட்டார். திருமுழுக்குப் பெற்ற கையோடு அவர் செய்த முதல் காரியம், திருத்தூதரை வற்புறுத்தித் தம் வீட்டுக்கு அழைத்ததுதான். சிறையிலிருந்து விடுபட்ட பவுலும் சீலாவும் நேரே போனது அந்த வீட்டுக்கு.

காஞ்சிபுரத்தில் வாழ்கிற நமக்கு இந்த முகங்கள் அந்நியமானவை அல்ல. வீட்டின் ஒரு பாதியில் தறியும் மறு பாதியில் அடுப்பும் இருக்கிற தெருக்கள் நம்முடையவை. துணியை நெய்கிறவர்களும் தைக்கிறவர்களும் விற்கிறவர்களும் இறைவார்த்தையைப் படித்துப் பேசிய வீடுகளில்தான் திருச்சபை பிறந்தது. அப்போது தனியாகக் கோயில் கட்டடங்கள் இல்லை. வீட்டுக் கூட்டம் பூசைக்கு மேல் ஒட்டிய ஒட்டு அல்ல. பூசையும் போதனையும் சேர்ந்து தொடங்கிய இடமே வீடுதான்.

உரோமையில் ஒரு வீடு

மூன்று நூற்றாண்டு கடந்து உரோமைக்கு வருவோம். அங்கே அவெந்தீன் குன்றின்மேல் மர்செல்லா என்ற பெண்மணியின் வீடு இருந்தது. உயர்குடியில் பிறந்தவர். திருமணமான ஏழாம் மாதத்தில் கணவரை இழந்தார். மறுமணம் செய்துகொள்ளாமல், தம் வீட்டிலேயே செபமும் எளிய வாழ்வும் மேற்கொண்டார். அவரைப் பார்த்து வேறு பெண்களும் அங்கே கூடத் தொடங்கினர்.

382ஆம் ஆண்டு புனித எரோணிமுஸ் உரோமைக்கு வந்து, திருத்தந்தை தமாசுவுக்குச் செயலராகப் பணியாற்றினார். மர்செல்லா அவரை விடவில்லை. வீட்டுக்கு வரவழைத்து, மறைநூலைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார். சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் சுபாவம் அவரிடம் இல்லை. ஒவ்வொரு விடையையும் ஆராய்ந்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார் என்று எரோணிமுஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த வட்டத்தைச் சேர்ந்த பவுலாவும் அவர் மகள் யூஸ்தோக்கியமும் எபிரேய மொழியையே கற்றுக்கொண்டார்கள்.

385-ல் எரோணிமுஸ் உரோமையை விட்டுப் போனார். அதன்பின் மறைநூலில் ஐயம் எழுந்தால் குருக்கள்கூட மர்செல்லாவிடம் கேட்டுத் தெளிந்தார்கள். அவரும் விடை சொல்வார். ஆனால் தம் கருத்தைச் சொல்லும்போதும் அது எரோணிமுஸிடமிருந்தோ வேறு ஒருவரிடமிருந்தோ கற்றது என்றே சொல்வாராம். 410-ல் கோத்தியர் உரோமைக்குள் புகுந்து சூறையாடியபோது படைவீரர்களிடம் அடிபட்டு, சிறிது காலத்தில் இறந்தார் அந்த முதியவர்.

வளர்ந்தவர்கள் ஒரு வீட்டில் கூடி மறைநூலைக் கற்ற கூட்டங்களில், இவ்வளவு விவரமாக நமக்குத் தெரிந்த பழைய கூட்டம் இது. அதை நடத்தியவர் குருவல்ல, துறவு மடத்துத் தலைவியும் அல்ல, ஒரு கைம்பெண். எரோணிமுஸ் நற்செய்திகளின் லத்தீன் மொழிபெயர்ப்பைத் திருத்தியமைத்ததும் அந்த உரோமை ஆண்டுகளில்தான். பின்னாளில் வுல்காத்தா என்று பெயர்பெற்ற அந்த லத்தீன் விவிலியம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மேலைத் திருச்சபையின் விவிலியமாக இருந்தது.

தமிழ் மண்ணில்

1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை அமர்த்தி, செபங்களையும் விசுவாச அறிக்கையையும் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண், பெண், பெரியவர், சிறியவர் எல்லாரையும் சேர்த்து, வரி வரியாகச் சொல்லவைத்தார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. இங்கும் வார்த்தை வீட்டு வாசல் வழியாகவே நடந்தது.

அவருக்குப் பின் அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கஸ் 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற செப நூலை அச்சிட்டார். 16 பக்கங்கள்தான். ஆனால் இந்திய மொழி எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. 1586-ல் புனிதர்களின் வரலாறும் தமிழில் அச்சேறியது.

செபம் வந்தது, புனிதர் வரலாறு வந்தது. ஆனால் விவிலியம் முழுமையாக மக்கள் கைக்கு வரவில்லை. காரணம் தமிழ்நாட்டில் இல்லை, ஐரோப்பாவில் இருந்தது. திருச்சபை பிளவுபட்ட காலம் அது. மறைநூலை ஆளுக்கொரு விதமாகப் பொருள்கொண்டு மேலும் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில், பொதுநிலையினர் தாய்மொழியில் விவிலியம் வாசிக்க அனுமதி பெற வேண்டும் என்று 1564-ல் விதி வந்தது. 1757-ல்தான் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அதைத் தளர்த்தி, விளக்கக் குறிப்புகளோடு அனுமதி பெற்று வெளியான தாய்மொழிப் பதிப்புகளை வாசிக்கலாம் என்றார்.

இதற்கிடையில் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லூத்தரன் சபைப் பணியாளர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி ஆசிரியரிடம் பிள்ளைகளோடு மணலில் விரல்வைத்துத் தமிழ் எழுதக் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714-ல் அச்சாயின. எஞ்சியவை மறு ஆண்டு. அந்த உழைப்பை நன்றியோடு நினைக்க நமக்குத் தயக்கம் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் குருக்களும் வுல்காத்தாவிலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தார்கள். அவெந்தீன் குன்றின் மேல் கேள்விகளால் எரோணிமுஸைக் குடைந்த காலத்து உழைப்பு, நூற்றாண்டுகள் சுற்றித் தமிழ் வீடுகளை எட்டியது.

ஆனாலும் நம் தாத்தா பாட்டி காலத்தில் வீடுகளில் செபமாலை இருந்தது, செபப் புத்தகம் இருந்தது, விவிலியம் இருந்த வீடுகள் சிலவே. திருப்பலி லத்தீனில் நடந்தது. ஞாயிறு வாசகங்கள் ஆண்டுதோறும் அவையே திரும்பத் திரும்ப வந்தன. பழைய ஏற்பாடு ஞாயிறன்று காதில் விழுவதே அரிது. அந்தப் பெரியவர்களின் விசுவாசம் எவ்விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் அவர்கள் விசுவாசம் கேட்டு அறிந்த விசுவாசம். திறந்து பார்க்க அவர்கள் கையில் நூல் தரப்படவில்லை.

திறந்த கதவு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று இறை வெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. மறைநூலை அணுகும் வழி எல்லா விசுவாசிகளுக்கும் அகலத் திறந்திருக்க வேண்டும் என்று அது கேட்டது. மறைநூலை அறியாதவர் கிறிஸ்துவை அறியாதவர் என்ற கருத்தில் எரோணிமுஸ் எழுதியதையும் அது எடுத்துக்காட்டியது. 1969-ல் வெளியான புதிய வாசக நூல், ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுழற்சியையும் மூன்று வாசகங்களையும் தந்தது.

இந்தியாவில் இந்த வேலையைத் தோளில் ஏற்றவர்களில் ஒருவர் தமிழர். தென்னார்க்காட்டுக் கல்லேரி என்ற சிற்றூரில் 1932-ல் பிறந்த அமலோர்பவதாஸ் அடிகளார்தான் அவர். 1967-ல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை நிறுவினார். தமிழ்நாட்டுக்கான நடுநிலையம் திண்டிவனத்தில் வளர்ந்தது. காஞ்சியிலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் எட்டிவிடும் தூரம். அங்கிருந்து மறைக்கல்வி நூல்களும், விவிலியப் பயிற்சிகளும், மொழிபெயர்ப்புப் பணியும் பங்குகளை நோக்கிப் புறப்பட்டன.

1995-ல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை. அதனால்தான் அது பொது. 73 நூல்களும் அடங்கிய இந்தப் பதிப்பே இன்று நம் அன்பியங்களில் திறக்கப்படுகிறது. மறைநூலின் பெயரால் பிரிந்தவர்கள் மறைநூலின் பொருட்டே ஒன்றுகூடினார்கள். ஆகவே, இது பிரிந்த சபையாரிடமிருந்து எடுத்த வழக்கமா என்ற கேள்விக்கு இதுவே பதில். இது எல்லாருக்கும் தாய்வீட்டுச் சொத்து. ஒரு காலத்தில் நம் வீட்டில் பூட்டியிருந்த பெட்டி, இப்போது திறந்திருக்கிறது.

யார் வீட்டு வாசல்?

நூல் வந்துவிட்டது, அனுமதி வந்துவிட்டது. இனி எஞ்சியிருப்பது ஒன்றுதான். அந்த நூல் யார் வீட்டுக்குள் நுழைகிறது?

நம் காஞ்சி பழங்காலம் முதல் கல்விக்குப் பேர்போன ஊர். இங்கிருந்த கடிகை என்னும் கல்விச்சாலையில் மறை பயில, கதம்ப மரபைத் தொடங்கிய மயூரசர்மன் கன்னட நாட்டிலிருந்து வந்தான் என்று தாளகுண்டாக் கல்வெட்டு சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இவ்வூரைக் கண்டு எழுதினார். ஆனால் அந்தக் கல்வியின் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை.

இதே ஊரைப் பற்றி வைணவ குருபரம்பரை நூல்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றன. வரதராசப் பெருமாளுக்கு விசிறி வீசித் தொண்டு செய்தவர் திருக்கச்சி நம்பி. குலத்தால் தாழ்ந்தவராகக் கருதப்பட்டவர். இராமானுசர் அவரைக் குருவாக மதித்து, தம் வீட்டுக்கு உணவுண்ண அழைத்தார். இராமானுசர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து உண்டு சென்றார். வீட்டு அம்மையார் அவர் உண்ட இடத்தைக் கழுவிவிட்டு, மறுபடி சமைக்கத் தொடங்கினார். திரும்பி வந்த இராமானுசர் மனம் நொந்துபோனார் என்கிறது அந்த மரபு. நம் ஊர் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் கதை இது. ஞானம் எவ்வளவு பெரியதானாலும், அது தடுக்கி விழும் இடம் வீட்டு வாசற்படிதான் என்பதை இவ்வூர் அறியும்.

நம் வீட்டிலும் இந்த வரலாறு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நடுவே சுவர் நின்றது. 1910-ல் அது இடிக்கப்பட்டது. பிரிவினை வேண்டும் என்றவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. கோயில் சுவரை ஆயரும் குருவும் இடித்துவிடலாம், நீதிமன்றம் அதற்குத் துணை நிற்கலாம். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் சுவரை இடிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 10ஆம் அதிகாரம் அதைத்தான் காட்டுகிறது. தூய பேதுரு, பிற இனத்தவரான கொர்னேலியுவின் வீட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே போவது அவர் மரபுக்கு ஒவ்வாதது. போனார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூய ஆவியார் அங்கிருந்த அனைவர் மேலும் இறங்கினார். பேதுரு அந்த வாசற்படியைத் தாண்டியிராவிட்டால் நம்மில் எவருக்கும் திருமுழுக்கு இல்லை.

அன்பியம் வீடு மாற்றி வீடு கூடுவதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. நாம் பின்பற்றும் ஏழு படி நற்செய்திப் பகிர்வு தென்னாப்பிரிக்காவின் லும்கோ மறைப்பணி நிறுவனத்தில் உருவானது. நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்த சட்டம் ஆண்ட காலம் அது. அந்த நாட்டில்தான், குரு அருகில் இல்லாத ஊர்களிலும் மக்கள் தாங்களே கூடி நற்செய்தியைப் பகிர்ந்துகொள்ள இந்த முறை வடிவம் பெற்றது. 1990-ல் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, சிறு சமூகங்களாக வாழும் பங்கேற்புத் திருச்சபையை ஆசியாவின் வழியாக முன்வைத்தது. இந்த முறை ஆசியப் பங்குகளில் வேகமாகப் பரவியது அதன் பிறகே.

அந்த ஏழு படிகளைச் சற்று கவனித்துப் பாருங்கள். முதலில் ஆண்டவரை நம் நடுவே அழைக்கிறோம். பகுதியை வாசிக்கிறோம். மனத்தைத் தொட்ட ஒரு சொல்லையோ சிறு தொடரையோ எடுத்து உரக்கச் சொல்கிறோம். அமைதியில் இருக்கிறோம். கேட்டதைப் பகிர்கிறோம். இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுக்கிறோம். இறுதியில் மனம்விட்டு மன்றாடுகிறோம். இதில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியம்மாவுக்கும் கல்லூரிப் பேராசிரியருக்கும் இடம் ஒன்றே. ஒருவர் வாசித்தால் போதும். காதால் கேட்ட ஒரு சொல்லைச் சொல்ல எழுத்தறிவு தேவையில்லை. மர்செல்லாவைப் போலக் கேள்வி கேட்கவும் இங்கே எவருக்கும் உரிமை உண்டு.

ஆறாம் படியைத்தான் நாம் எளிதில் தாண்டிப் போய்விடுகிறோம். சந்தா வசூல், அடுத்த திருவிழாப் பேச்சு, தேநீர் என்று நேரம் போய்விடுகிறது. எந்த வீட்டில் நோயாளி படுத்திருக்கிறார், எந்த வீட்டில் முன்பணக் கடன் ஏறி நெசவாளர் தூக்கமில்லாமல் இருக்கிறார், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டது என்பது அந்தத் தெருவுக்குத்தான் தெரியும். வாசித்த வார்த்தை அந்த வீட்டுப் படியேறும் இடம் ஆறாம் படி. அதை விட்டுவிட்டால் மற்ற ஆறும் நல்ல பழக்கமாக மட்டும் நின்றுவிடும்.

கோர்வைச் சேலை நெய்வது எப்படி என்று காஞ்சியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், நாடாக்கள் மூன்று. மறுபக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் இருந்து நாடாவை வாங்கிக் கொடுத்தால்தான் கரை உடலோடு கோத்துக்கொள்ளும். ஒவ்வொரு இழையிலும் அந்தக் கோர்ப்பு நடக்க வேண்டும். அப்படி நெய்த சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று நெசவாளர் பெருமையாகச் சொல்வார்கள். வாரந்தோறும் கூடி வாசிப்பதும் அப்படித்தான். வார்த்தை ஒரு நிறம், நம் வாழ்வு வேறு நிறம். இரண்டையும் தனியாளாகக் கோக்க முடிவதில்லை. எதிர்ப்பக்கம் அமர்ந்து வாங்கிக் கொடுக்க ஒரு சகோதரர், ஒரு சகோதரி தேவை. ஒரு வாரம் விட்டால் அந்த இடத்தில் இழை விட்டுப்போகும்.

ஆகவே அன்பார்ந்தவர்களே, அடுத்த கூட்டத்துக்கான வீட்டைக் குறிக்கும்போது இதுவரை எந்த வீட்டுக்குப் போகவில்லை என்று பாருங்கள். கூடம் சிறியது, தறி பாதி இடத்தை அடைத்திருக்கிறது என்று கூச்சப்பட்டு அழைக்காமல் இருக்கிற வீடு எது? நாம் தேநீர் வாங்கிக் குடித்திராத வீடு எது? பவுலடிகளார் தங்கிய வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். வேலைக்கு நடுவே அவருக்கு ஒரு மூலை போதுமானதாக இருந்தது. ஆண்டவருக்கும் அது போதும்.

அக்கிலா, பிரிஸ்கில்லாவின் வீட்டில் கூடிய ஆண்டவர், நம் தெருவில் இன்னும் திறக்கப்படாத வாசல்களையும் திறந்தருள்வாராக. ஆமென்.